படியடியில் இருந்த ஆள்

நம்புங்கள் என்று நான் யார் காலிலும் விழப் போவதில்லை. இது நடந்தது. எனக்கு நடந்தது. தேதி, மணி, நான் நின்ற இடம் எல்லாவற்றையும் சொல்கிறேன். இரண்டாயிரத்துப் பதினொன்று, டிசம்பர் பதினான்கு, புதன்கிழமை. அன்று நான் குடித்தது இரண்டு கோப்பை டீ மட்டும். இந்தக் கதையைக் கேட்டதும் என் மைத்துனன் முதலில் கேட்டது அதைத்தான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஹெஸ்தர் டாட்ஸ். நார்தம்பர்லாந்தில், ஸ்காட்லாந்து எல்லைக்குப் பதினோரு மைல் தெற்கே இருக்கிற ரேவன்ஷீல் கோட்டையில் பதினாறு வருடமாக வழிகாட்டி வேலை. பார்க்க வருகிறவர்கள் தினமும் பேயைப் பற்றிக் கேட்பார்கள். "இங்க இருக்கிற ஒரே பேய் எங்க மேனேஜர்தான்" என்று சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

கோட்டையில் இப்போது உருப்படியாக நிற்பது பெரிய கோபுரம் ஒன்றுதான். எழுநூறு வருடக் கட்டடம். கீழ்த்தளம் வளைவுக் கூரை போட்ட கல் கிடங்கு, ஒரே ஒரு வாசல். சுவர் ஒன்பதடி கனம். அந்தச் சுவரின் மூலைக்குள்ளேயே ஒரு சுழற்படி மேலே போகிறது. எண்பத்து மூன்று படி. அகலம் இரண்டே அடி. நடுவில் கல் தூண், வெளிப்பக்கச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு தடித்த கயிறு. ஏறும்போது வலப்பக்கமாகவே திரும்பித் திரும்பிப் போகும். மேலே நின்று சண்டை போடுகிறவனின் வாள் கைக்கு இடம் கிடைக்கும், ஏறி வருகிறவனுக்குக் கிடைக்காது, அதற்காகத்தான் இப்படிக் கட்டினார்கள் என்று நாங்கள் சொல்வோம். படித்தவர்கள் அதைப் பற்றி இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். வருகிறவர்களுக்குப் பிடித்திருக்கிறது, நாங்களும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நாற்பத்தாறாவது படி மட்டும் மற்றவற்றைவிட நான்கு விரல் உயரம். எதிரி இருட்டில் தடுக்கி விழட்டும் என்று வைத்ததோ, கொத்தனார் தூங்கிவிட்டாரோ, தெரியாது. யாருக்கும் எதிரியாக இல்லாத நானே அதில் மூன்று தடவை விழுந்திருக்கிறேன்.

அந்தப் படியில் இரண்டு பேர் ஒருவரையொருவர் தாண்டிப் போக முடியாது. அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேலே ஒருவர், கீழே ஒருவர். இறங்க வேண்டியவர் மேலிருந்து "இறங்குறேன்!" என்று குரல் கொடுக்க வேண்டும். படி காலியாக இருந்தால் கீழே இருப்பவர் "வரலாம்!" என்பார். யாராவது ஏறிக்கொண்டிருந்தால் "நில்லு!" என்பார். வரலாம் என்ற சொல் காதில் விழாமல் ஒரு படிகூட இறங்கக் கூடாது. மேலே ஆள் இருக்கிற வரைக்கும் கீழே இருப்பவர் இடத்தை விட்டு அசையக் கூடாது. வாக்கி டாக்கி வாங்கித் தருகிறோம் என்று அலுவலகத்தில் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கீழே இருந்தவர் கத்பர்ட் மில்பர்ன். அறுபத்தேழு வயது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வெள்ளைத் தாடி, பெரிய உடம்பு, பழுதான இதயம். மூன்று வருடத்துக்கு முன்னால் நெஞ்சைப் பிளந்து வைத்தியம் பார்த்திருந்தார்கள். வலி வந்தால் நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்ள ஒரு சின்ன மருந்துக் குப்பி. நாள் முழுக்கப் படியடியில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பதால், அந்தக் குப்பியைப் படிக்குப் பக்கத்துச் சுவர் மாடத்திலேயே வைத்திருப்பார். அவர் மனைவி ஜூன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அது எங்க இருக்குன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணும், ஹெஸ்தர். இந்த மனுஷன நான் உன்ன நம்பித்தான் அனுப்புறேன்" என்று சொல்லியிருந்தாள். சரி என்று தலையாட்டியிருந்தேன்.

அந்தப் புதன்கிழமை பனி மூட்டம். மொத்தமே ஒன்பது பேர் வந்தார்கள். மூன்றரை மணிக்குக் கடைசி ஜோடியும் போய்விட்டது. எங்கள் ஊரில் டிசம்பரில் மூன்றே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும். கொடியை இறக்கிவிட்டுப் பூட்ட வேண்டியதுதான் பாக்கி.

"இன்னைக்கு நீங்க போய்க் கொடிய இறக்குறீங்களா?" என்று கேட்டேன். வேண்டுமென்றேதான்.

"ஏன், என்னை மேலேயே புதைச்சிட்டு ஜூனுக்கு ஒரு பூங்கொத்து அனுப்பலாம்னு பாக்கிறியா மகராசி? போ போ. நான் உக்காந்துக்கிட்டே உனக்குத் தைரியம் குடுக்கிறேன்."

எல்லாப் பெண்களும் அவருக்கு மகராசிதான். ஒரு தடவை கோட்டைக்கு வந்த பேராயரின் மனைவியையும் அப்படித்தான் கூப்பிட்டார்.

"வாயில போட்டிருக்கிற ரொட்டிய முழுங்கிட்டு உக்காருங்க. நான் கத்தும்போது பதில் வரணும்."

"என்னைக்கு வராம இருந்திருக்கு?"

மூன்று முப்பத்து நான்கு. நான் ஏறினேன்.

மேலே காற்று காதை அறுத்தது. கொடிக்கயிறு உறைந்து கம்பி மாதிரி ஆகியிருந்தது. முடிச்சை அவிழ்க்க நகம் உடைந்தது. கொடியை மடித்துப் பெட்டியில் வைத்து மூடினேன். பிறகு படி வாய்க்கு வந்து குனிந்தேன்.

"இறங்குறேன்!"

மணி மூன்று நாற்பத்தொன்று. கைபேசியில் பார்த்தேன்.

"நில்லு."

சரி என்று நின்றேன். யாரோ கடைசி நிமிடத்தில் வந்து கெஞ்சியிருப்பார்கள், இந்த மனுஷன் இளகிப்போய் உள்ளே விட்டிருப்பார். அவர் எப்போதும் செய்வதுதான். கோபம் வந்தது. கோபத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டேன். கத்பர்ட் வெறுமனே நில்லு என்று சொல்ல மாட்டார். நில்லு மகராசி என்பார். நில்லு, ஜெர்மனியில இருந்து ஒரு பீப்பாய் ஏறி வருது என்பார். அவர் இங்கே வேலைக்கு வந்த நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட அந்த வார்த்தை தனியாக வந்ததில்லை.

காலடிச் சத்தம் கேட்டது. ஒருவர் ஏறுகிறார். மெதுவாக. செருப்புச் சத்தம் மாதிரியும் இல்லை, பூட்ஸ் மாதிரியும் இல்லை. மெத்தென்று.

அந்தப் படியில் பதினாறு வருடம் காலடி கேட்டவள் நான். யார் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நாற்பத்தாறில் எல்லோரும் ஒரு கணம் தடுமாறுவார்கள், அங்கே தாளம் தப்பும். தப்பியது. ஐம்பது. அறுபது. எழுபது. எழுபத்தைந்து ஆனதும் ஒதுங்கி நின்று வழிவிட்டேன். முகத்தில் ஒரு சிரிப்பையும் ஒட்டிக்கொண்டேன். அதுதானே வேலை.

எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது. எண்பது.

யாரும் வரவில்லை.

சத்தம் எண்பதாவது படியில் நின்றுவிட்டது. மூச்சு வாங்குகிறார்களோ என்று காத்திருந்தேன். எட்டிப் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் ஐந்து படி தெரியும். ஐந்தும் காலி.

"யாருங்க? வாங்க, இன்னும் மூணே படிதான்!"



மூன்று நாற்பத்து நான்கு. மறுபடியும் குரல் கொடுத்தேன். "இறங்குறேன்!"

"நில்லு."

மறுபடியும் காலடி. முதல் படியிலிருந்து. இது வேறு ஆள். கொஞ்சம் வேகம், இலேசான உடம்பு. நாற்பத்தாறில் தடுமாறி, எண்பதில் நின்றது.

எனக்கு அப்போது பயம் என்று சொல்ல முடியாது. இருப்புக்கொள்ளவில்லை. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கைப்பிடிச் சுவரோரமாக இங்கும் அங்கும் நடந்தேன். சுழற்படியில் சத்தம் ஏமாற்றும், கீழே பேசுவது மேலே பக்கத்தில் கேட்கும், காற்று விசிலடித்தால் குழந்தை அழுவதுபோல இருக்கும். இதையெல்லாம் நானே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பத்தான் முடியவில்லை.

மூன்றாவது ஆள். நான்காவது. ஒவ்வொரு தடவையும் நான் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் நில்லு. ஒவ்வொரு காலடியும் எண்பதில் நின்றது. ஐந்தாவது ஆள் ஏறும்போது கூடவே இன்னொரு சத்தம்... யாரோ இருமினார்கள்.

சுவருக்கு மேல் எட்டி முற்றத்தைப் பார்த்தேன். பனிக்குள் டிக்கெட் அறையின் விளக்கு மங்கலாகத் தெரிந்தது. கதவு பாதி திறந்து கிடந்தது. கத்பர்ட் அந்த விளக்கை அணைக்காமல் படியடிக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஏறியவர்கள் வந்த காரோ வண்டியோ எதுவும் வாசலில் இல்லை. என் காரும் அவர் காரும் மட்டும்தான்.

அவரைக் கைபேசியில் கூப்பிடலாம் என்றால், கைபேசியை வீட்டு அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு வருகிற ஆள் அவர்.

மூன்று ஐம்பத்தொன்று. ஏழாவது.

புகை வாசம் வந்தது. விறகுப் புகை இல்லை. வைக்கோலும் கம்பளியும் கருகுகிற வாசம். படிவாயிலிருந்துதான் வந்தது.

"கத்பர்ட்! என்ன எரியுது கீழே?"

"நில்லு."

"விளையாடாதீங்க! நான் வர்றேன்!"

"நில்லு."

இரண்டு தடவையும் ஒரே மாதிரி. ஒரே உயரம், ஒரே நீளம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது கத்பர்ட்டின் குரல் இல்லை. அவ்வளவு நேரமும் இல்லை. அவர் அங்கே இருக்கிறார் என்று நான் எதிர்பார்த்தேன், அதனால் அவராகவே கேட்டிருக்கிறேன்.

எட்டு. ஒன்பது. பத்து.

மூன்று ஐம்பத்தேழு. பதினொன்றாவது ஆள் எண்பதாவது படியில் வந்து நின்றார். எனக்கு மூன்று படி கீழே. கண்ணுக்குத் தெரியாமல் பதினொரு பேர் அந்த வளைவில் அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று என் உடம்பு முழுக்கத் தெரிந்தது. மூச்சுச் சத்தம் கேட்டது.

அப்புறம் கீழேயிருந்து... ஒரு கிழவரின் மூச்சுத் திணறல். இழுத்து... இழுத்து... நடுவில் விட்டுப்போய் மறுபடியும் இழுத்து...

கத்பர்ட்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் முழுசாக நான் அசையவில்லை. பயந்துபோய் அப்படியே நின்றேன். ஜூனின் முகம் நினைவுக்கு வந்தது. அந்தப் பாழாய்ப்போன தலையாட்டல் நினைவுக்கு வந்தது. வழக்கமாவது ஒன்றாவது என்று கைபேசி விளக்கைப் போட்டேன். மூன்று ஐம்பத்தெட்டுக்கு, வரலாம் என்ற வார்த்தை இல்லாமல், முதல் தடவையாக அந்தப் படியில் கால் வைத்தேன்.

எண்பத்திரண்டு. எண்பத்தொன்று. எண்பது.

யாரும் இல்லை.

ஆனால் சுவர் சூடாக இருந்தது.

டிசம்பர் மாதம். கொடிக்கயிறு உறைந்து கிடக்கிற குளிர். அந்தச் சுவர் ரொட்டி அடுப்பின் பக்கவாட்டு மாதிரிச் சுட்டது.

கயிற்றைப் பிடித்தேன். கயிறு தொய்வாகத்தான் இருக்கும் எப்போதும். இப்போது விறைத்து நின்றது. ஒவ்வொரு வளையத்திலும் யாரோ பிடித்துத் தொங்குவதுபோல... என் உள்ளங்கைக்குள் அது வெடுக் வெடுக்கென்று இழுபட்டது.

விட்டுவிட்டேன். நடுத்தூணைக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

அறுபது.

ஐம்பது.

நாற்பத்தாறு.

"நில்லு."

காதுக்குள்.

நான் நிற்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். விழுந்தேன், எழுந்தேன், முழங்கால் கிழிந்தது. எண்ணுவதை விட்டுவிட்டேன்.

கீழே வந்து சேர்ந்தபோது விளக்கு இல்லை. கத்பர்ட்டின் மேசை விளக்கு அணைந்திருந்தது, அவருடைய ஸ்டூல் எங்கே என்று தெரியவில்லை. என் கைபேசியில் சார்ஜ் ஆறு சதவிகிதம். அந்த வெளிச்சத்தில் பார்த்தேன். முதல் படியில் ஒரு காலைத் தூக்கி வைத்தபடி, சுவரில் சாய்ந்து, ஒரு பெரிய உடம்பு. வெள்ளைத் தாடி. வாய் திறந்து இழுத்துக்கொண்டிருந்தது.

"மேல ஏறாதீங்க! உக்காருங்க! உக்காருங்கன்னு சொல்றேன்ல!"

அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். கனம். கோட்டு சாக்கு மாதிரி முரடாக இருந்தது. அதை யோசிக்க எனக்கு நேரமில்லை. வாசல் கதவோரமாக இழுத்துப் போய்ச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தேன், காற்றாவது படட்டும் என்று. மாடத்தைத் தடவிக் குப்பியை எடுத்தேன்.

"கத்பர்ட், வாயத் திறங்க. நாக்க மேல தூக்குங்க."

திறந்தார். விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, நாக்குக்கு அடியில் ஒரு தடவை அடித்தேன். பிறகு இன்னொரு தடவை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் அகலமாக, ஒரு வார்த்தை பேசாமல். நெஞ்சு வலியில் இருப்பவர் என்ன பேசுவார் என்று நினைத்தேன். குப்பியை அவர் கையில் திணித்தேன். உள்ளங்கை சொரசொரவென்று மாவு ஒட்டினதுபோல இருந்தது.

"ஒன்பதடிச் சுவருக்குள்ள சிக்னல் கிடைக்காது. டிக்கெட் ரூமுக்கு ஓடி ஆம்புலன்ஸக் கூப்பிட்டுட்டு வந்துடறேன். அசையாதீங்க. இதோ வந்துட்டேன்."

முற்றத்தைத் தாண்டி ஓடினேன். நாற்பது கெஜம். அவ்வளவுதான்.

டிக்கெட் அறைக்குள் மின்சாரக் கெட்டில் கொதித்து முடிந்து, ஜன்னலெல்லாம் ஆவி. தரையில் இரண்டு கோப்பை உடைந்து கிடந்தது. மேசைக்கும் சுவருக்கும் நடுவில், தன்னுடைய பச்சைக் கம்பளிச் சட்டையில், நீலம் பாரித்த உதட்டோடு...

கத்பர்ட் கிடந்தார்.

அவர் பக்கத்தில் மண்டியிட்டேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "மகராசி," என்றார். "குப்பி... மாடத்துல..."

குப்பி மாடத்தில் இல்லை. அதை நான் யாரிடமோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மேசைத் தொலைபேசியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். மணி நான்கு ஆறு. பனியில் வருவதற்கு நாற்பது நிமிடமாவது ஆகும் என்றார்கள். வாயில் அடிக்கிற மருந்து இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். உடனே கொடுங்கள் என்றார்கள்.

உலகத்தில் வேறு எங்கே போகச் சொல்லியிருந்தாலும் போயிருப்பேன்.

கத்பர்ட் என் கையைப் பிடித்திருந்தார். விரல் விரலாகப் பிரித்துவிட்டுப் போனேன்.

கோபுரத்துக்குள் இருட்டு. சத்தம் இல்லை. புகை வாசம் இல்லை. கைபேசி அணைந்துபோயிருந்தது. கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தேன். கதவோரச் சுவரைத் தொட்டேன். குளிர்ந்த கல். யாரும் இல்லை.

மண்டியிட்டுத் தரையைத் தடவினேன். கல்... கல்... கல்...

குப்பி.

எடுத்துக்கொண்டு எழுந்து திரும்பினேன். வாசலை நோக்கி இரண்டு அடி வைத்திருப்பேன். ஒரு கணம் உடம்பு முழுக்க, தலை முதல் கால் வரை, கொதிக்கிற தண்ணீரை ஊற்றினதுபோலச் சூடு பரவி அடங்கியது.

ஓடினேன். அவ்வளவுதான். ஓடினேன்.

கத்பர்ட் பிழைத்துக்கொண்டார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்னும் பத்து நிமிடம் மருந்து போகாமல் இருந்திருந்தால் கஷ்டம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஜூன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. அவளிடம் சொல்ல முடியாத ஒன்று என்னிடம் இருந்தது.

நான்காம் நாள் அவரைத் தனியாகப் பார்த்தேன்.

"என்னைத் திட்டிடு ஹெஸ்தர்," என்றார். "நீ மேல ஏறின உடனே நான் எந்திரிச்சிட்டேன். ரெண்டு பேருக்கும் சூடா டீ போட்டு வைக்கலாம்னு. நீ கொடி முடிச்ச அவிழ்க்கிறதுக்குள்ள ஓடி வந்துடலாம்னு நெனச்சேன். கெட்டில ஆன் பண்ணேன், நெஞ்சுல யாரோ உக்காந்த மாதிரி ஆயிடுச்சு."

"எத்தனை மணிக்கு?"

"நீ போயி ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"நான் கத்தினது கேட்டுச்சா உங்களுக்கு?"

"எனக்கு என்ன கேட்டுச்சு? தரைதான் தெரிஞ்சுது. மேல ஒருத்தி நிக்கிறா, நான் இடத்த விட்டு வந்துட்டேன், பதில் சொல்ல ஆளில்லையேன்னு அதே கவலைதான். நீ எப்படி இறங்கின?"

"கேட்டேன். பதில் வரல. இறங்கிட்டேன்," என்றேன்.

அவருக்கு இன்றுவரை அவ்வளவுதான் தெரியும். அப்போது வேறு யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. கதவோரம், சாக்குக் கோட்டு, நாக்குக்கடியில் மருந்து, எதையும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் வேலை போய்விடும். இல்லையென்றால் புத்தி போய்விட்டது என்பார்கள்.

மார்ச் மாதம் டாக்டர் மிரியம் சால்ட் வந்தார். பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவர், எங்கள் கோட்டையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். கையில் சில தாள்கள். "ஹெஸ்தர், உனக்குப் பேய்க்கதை பிடிக்காதுன்னு தெரியும். ஆனா இத நீ சுத்திக் காட்டும்போது சொன்னா ஜனங்க கொண்டாடுவாங்க. லத்தீன்ல இருந்துச்சு, யாரும் இதுவரைக்கும் படிச்சதில்ல, நான் இங்கிலீஷ்ல மாத்தி எழுதியிருக்கேன்" என்று கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

அது ஒரு மரண விசாரணைப் பதிவு. ஆயிரத்து முந்நூற்று நாற்பத்திரண்டு, டிசம்பர் பதினான்கு.

எல்லைக்கு அப்பாலிருந்து கொள்ளைக்காரர்கள் வந்திருக்கிறார்கள். ஊரார் பன்னிரண்டு பேர் கோபுரத்துக்குள் ஓடி வந்திருக்கிறார்கள். காவல்காரன் வாசலை உள்ளே அடைத்துவிட்டான். வெளியே இருந்தவர்கள் காற்றுத் துளை வழியாகத் தீப்பந்தத்தைப் போட்டார்கள். கிடங்கு வைக்கோல் பிடித்துக்கொண்டது. உச்சிக்குப் போனால் பிழைக்கலாம் என்று காவல்காரன் ஒவ்வொருவராக மேலே ஏற்றினான். புகையும் அதே வழியாக ஏறியது. அந்தச் சுழற்படியே புகைபோக்கி ஆகிவிட்டது. முதலில் ஏறியவர் உச்சிக்கு மூன்று படி கீழே விழுந்து வழியை அடைத்துவிட்டார். மூச்சு முட்டி இறங்க வந்தவர்களை அவன் இறங்க விடவில்லை. நில்லு, நில்லு என்று கடைசிவரை கத்தியிருக்கிறான். பதினொரு பேர் படியிலேயே செத்தார்கள். அவனும் செத்தான்.

பன்னிரண்டாவது ஆள் மட்டும் மறுநாள் கதவை உடைத்தபோது உயிரோடு இருந்திருக்கிறான். கிழவன். மாவு அரைக்கிறவன். பெயர் ஆடம். விசாரணை அதிகாரியிடம் அவன் சத்தியம் செய்து சொன்னது கடைசித் தாளில் இருந்தது. எழுத்துக்கு எழுத்து எனக்கு மனப்பாடம்.

"என் முறை வந்தது. முதல் படியில் கால் வைத்தேன். அப்போது மேலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். காவல்காரன் நில்லு என்றான், அவள் நிற்கவில்லை. இந்த ஊரில் யாரும் பார்த்தறியாத பெண். நெருப்பில்லாத வெள்ளை வெளிச்சம் ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். என்னை இழுத்துக் கதவோரம் உட்கார வைத்தாள். கதவிடுக்குக் காற்றில்தான் நான் பிழைத்தேன். கத்பர்ட் என்று என்னைக் கூப்பிட்டாள். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியில் கசப்பான பனியை இரண்டு தடவை ஊதினாள். இதோ வந்துட்டேன் என்று சொல்லிவிட்டு, அடைத்த கதவைத் திறக்காமலே வெளியே போனாள்."

நம் ஊர்ப் புனிதர் கத்பர்ட்டைத்தான் அவள் வேண்டியிருக்க வேண்டும் என்று ஓரத்தில் அதிகாரி எழுதியிருக்கிறார். அவள் திரும்பி வந்தாளா என்று அவனைக் கேட்டும் இருக்கிறார்.

"வந்தாள். எனக்குப் பக்கத்திலேயே மண்டியிட்டுத் தரையைத் தடவினாள். நான் கூப்பிட்டேன், அவளுக்குக் கேட்கவில்லை. கும்பிட எழுந்து அவள் முன்னால் நின்றேன், அவள் பார்க்கவில்லை. என் ஊடாகவே நடந்து போய்விட்டாள்."